கண்ணால் கண்ட சாட்சிகள் ஏன் முரண்படுகிறார்கள்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அண்மையில் ஹுத்தான் மெலிந்தாங் கடைத்தெருவில் தேநீர் குடித்துக் கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் எம்.எச்.370 விமானத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், "மாலத்தீவுல அத்தனை பேரு தாழப் பறந்த விமானத்தைக் கண்ணால பார்த்தோம்னு சொன்னாங்களே, அதை ஏன்யா யாரும் நம்பல?" என்று கேட்டார். எதிரில் இருந்த இளைஞர், "அட விடுங்க மாமா, பேப்பர்ல பேரு வரணும்னு சொல்லியிருப்பாங்க. எல்லாம் பொய்" என்றார். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது.

நான் குறுக்கிடவில்லை. ஆனால், வீட்டிற்கு வரும் வழியெல்லாம் அதே சிந்தனை. பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் அது நடந்தே இருக்க வேண்டும் என்பது பெரியவரின் கட்சி. நடக்கவில்லை என்றால் சொன்னவர் பொய்யர் என்பது இளைஞரின் கட்சி. இவை இரண்டுமே தவறு என்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தோட்டத்தில் நடந்த ஒரு விபத்து

முதலில் ஒரு சொந்தக் கதை. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் ஒரு விபத்து நடந்தது. இருட்டத் தொடங்கும் நேரம். செம்பனைக் குலை ஏற்றி வந்த டிராக்டர் ஒரு சைக்கிள்காரரை மோதிவிட்டது. அவர் கால் முறிந்து பல மாதம் படுக்கையில் கிடந்தார்.

டிராக்டரில் விளக்கு எரிந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி. சாலையோரம் நின்றிருந்த என் தாய்மாமா, "விளக்கே இல்லை" என்றார். லயத்து வீட்டிலிருந்து ஓடி வந்த பெரியப்பா, "இரண்டு விளக்கும் எரிந்ததை என் கண்ணால் பார்த்தேன்" என்றார். ஒருவரை ஒருவர் பொய்யர் என்றார்கள். அதன்பிறகு பல ஆண்டுகள் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போகவில்லை.

உண்மை பிறகுதான் தெரிந்தது. மோதிய பிறகு, அடிபட்டவர் எங்கே கிடக்கிறார் என்று பார்ப்பதற்காக டிராக்டர் ஓட்டுநர் விளக்கைப் போட்டிருக்கிறார். மாமா மோதலைப் பார்த்தவர். பெரியப்பா சத்தம் கேட்டு வெளியே வந்தவர். இருவர் சொன்னதும் உண்மை. இருவரும் பார்த்த நேரம்தான் வேறு. 'எப்போது பார்த்தீர்கள்?' என்று ஒரே ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தால் ஓர் உறவு பிழைத்திருக்கும்.

இதே கதை உலகின் பெரிய விமான விபத்துகளிலும் நடந்திருக்கிறது.

முதலில் ஒளி, பிறகு ஒலி

1996ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து பாரிஸ் நோக்கிப் புறப்பட்ட டி.டபிள்யூ.ஏ. 800 விமானம், லாங் ஐலண்ட் அருகே கடலுக்கு மேல் வெடித்துச் சிதறியது. 230 பேர் மாண்டனர். கரையிலும் படகுகளிலும் இருந்த நூற்றுக்கணக்கானோர் அதைப் பார்த்தார்கள். விசாரணையாளர்கள் ஆராய்ந்த 736 சாட்சிகளின் பதிவுகளில் 258 பேர் வானில் ஓர் ஒளிக்கோட்டைக் கண்டதாகச் சொன்னார்கள். ஏவுகணை பாய்ந்துவிட்டது என்ற பேச்சு நாடெங்கும் பரவியது.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நான்கு ஆண்டுகள் ஆராய்ந்தது. கடலுக்கு அடியிலிருந்து விமானத்தின் 95 விழுக்காட்டுப் பாகங்கள் மீட்கப்பட்டன. ஏவுகணை தாக்கியதற்கான அடையாளம் எதுவும் அவற்றில் இல்லை. நடுச் சிறகில் உள்ள எரிபொருள் தொட்டியில் சேர்ந்த ஆவி தீப்பற்றி வெடித்ததே காரணம் என்று 2000ஆம் ஆண்டில் அறிக்கை வெளிவந்தது.

அப்படியானால் அந்த 258 பேரும் பொய் சொன்னார்களா? இல்லை. வெடித்தபின் விமானத்தின் முன்பகுதி கழன்று விழுந்தது. மீதிப் பகுதி எரிந்துகொண்டே சிறிது நேரம் பறந்தது. மக்கள் கண்ட ஒளிக்கோடு பெரும்பாலும் எரிந்துகொண்டிருந்த அந்த விமானமே என்பது அறிக்கையின் முடிவு. நேர் மேலே ஏறிய ஒளியைக் கண்டதாகச் சொன்ன 38 பேரின் கூற்று இதனோடு பொருந்தவில்லை என்பதையும் அறிக்கை மறைக்கவில்லை.

இங்கே ஓர் எளிய கணக்கைச் சொல்ல வேண்டும். ஒளி நம்மை உடனே வந்தடைந்துவிடும். ஒலியோ வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 16 கிலோமீட்டர் தொலைவில் ஒரு வெடிப்பு நடந்தால் அதன் சத்தம் நம் காதுக்கு வர ஏறத்தாழ 47 வினாடி ஆகும். சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்ப்பவர் வெடிப்பைப் பார்க்கவில்லை. வெடிப்புக்குப் பிறகு நடந்ததைத்தான் பார்க்கிறார். ஆனால் அவர் மனமோ, 'சத்தம் கேட்டது, நெருப்பைப் பார்த்தேன்' என்பதை ஒரே நிகழ்ச்சியாக முடிந்து வைத்துக்கொள்கிறது. எங்கள் பெரியப்பா செய்ததும் இதுதானே!

இடமும் வலமும்

இரண்டாவது எடுத்துக்காட்டு இன்னும் வியப்பானது. 2001ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி, நியூயார்க்கில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 விமானம் குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. விமானத்தில் இருந்த 260 பேரும் தரையில் இருந்த 5 பேரும் மாண்டனர். அது பட்டப்பகல். ஏராளமான சாட்சிகள்.

349 சாட்சிகளின் கூற்றுகளை வாரியம் தொகுத்தது. 52 விழுக்காட்டினர் விமானம் வானில் இருக்கும்போதே தீயைப் பார்த்ததாகச் சொன்னார்கள். 20 விழுக்காட்டினர் தீயே இல்லை என்று உறுதியாகச் சொன்னார்கள். தீ எங்கே என்று கேட்டால் சிலர் உடற்பகுதி என்றார்கள், சிலர் இடப்பக்க இயந்திரம், சிலர் வலப்பக்க இயந்திரம் என்றார்கள். 22 விழுக்காட்டினர் புகை கண்டார்கள். 20 விழுக்காட்டினர் புகை இல்லை என்றார்கள். விமானம் வலப்பக்கம் திரும்பியது என்றவர்கள் 18 விழுக்காடு. இடப்பக்கம் திரும்பியது என்றவர்களும் அதே 18 விழுக்காடு!

விசாரணையின் முடிவு என்ன தெரியுமா? முன்னால் சென்ற பெரிய விமானம் ஏற்படுத்திய காற்றுச் சுழலில் சிக்கியபோது, துணை விமானி வால்பகுதிச் சுக்கானை அளவுக்கு மீறி இயக்கினார். வால் செங்குத்துச் சிறகு முறிந்து தனியே விழுந்தது. பிறகு இயந்திரங்களும் கழன்றன.

இடம், வலம் குழப்பத்திற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. நம்மை நோக்கி வரும் விமானத்தின் வலப்பக்கம் நமக்கு இடப்பக்கம். சாலையின் இருபுறமும் நின்று ஒரே லோரியைப் பார்க்கும் இருவரைக் கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கு அது இடமிருந்து வலமாகப் போகும், மற்றவருக்கு வலமிருந்து இடமாகப் போகும். அதைப்போல, இயந்திரம் கழன்ற வேளையில் எரிபொருள் சிந்தித் தீப்பற்றியதைப் பார்த்தவருக்குத் தீ உண்டு. அதற்கு முந்திய வினாடிகளை மட்டும் பார்த்தவருக்குத் தீ இல்லை.

நினைவு என்பது நிழற்படம் அல்ல

நேரமும் நின்ற இடமும் மட்டுமே காரணம் என்றால் பிரச்சினை எளிது. அதைவிடச் சிக்கலானது நம்முடைய நினைவு. பார்த்ததை மூளை அப்படியே படம் பிடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மை அதுவல்ல. ஒவ்வொரு முறை நினைத்துப் பார்க்கும்போதும் மூளை அந்தக் காட்சியைப் புதிதாகக் கட்டுகிறது. பிறர் சொன்னது, செய்தியில் படித்தது, தொலைக்காட்சியில் பார்த்தது எல்லாம் அந்தக் கட்டடத்துக்குக் கல்லாகவும் மண்ணாகவும் சேர்ந்துவிடுகின்றன.

1974ஆம் ஆண்டில் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். கார் மோதும் படத்தைக் காட்டிவிட்டு, ஒரு குழுவினரிடம் 'கார்கள் நொறுங்க மோதியபோது வேகம் என்ன?' என்று கேட்டார்கள். இன்னொரு குழுவினரிடம் 'கார்கள் தொட்டபோது வேகம் என்ன?' என்று கேட்டார்கள். முதல் குழு சராசரியாக 41 மைல் என்றது. மற்றது 32 மைல் என்றது. பார்த்த படம் ஒன்றுதான். கேள்வியில் ஒரு சொல் மாறியது, பதிலும் மாறிவிட்டது. 'நொறுங்க' என்ற சொல்லைக் கேட்டவர்களில் பலர், ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியையும் பார்த்ததாகச் சொன்னார்கள்.

டி.டபிள்யூ.ஏ. 800 விபத்திலும் இந்தச் சிக்கல் எழுந்தது. தொடக்கத்தில் சாட்சிகளை விசாரித்த புலனாய்வாளர்களுக்குத் தரப்பட்ட கேள்விப் பட்டியலில், ஏவுகணை எவ்வளவு நேரம் பறந்தது என்ற வகையான கேள்விகளும் இருந்தன. ஏவுகணை இருந்ததா என்பதே தெரியாதபோது, இருந்தது என்று வைத்துக்கொண்டு கேட்டால் பதில் எந்தப் பக்கம் சாயும்?

இன்னொன்றும் உண்டு. 1992ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமில் ஒரு சரக்கு விமானம் அடுக்குமாடி வீடுகளின்மீது விழுந்து 43 பேர் இறந்தார்கள். அந்த விமானம் மோதிய கணத்தை யாரும் படம் எடுக்கவில்லை. ஆனால் பின்னர் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 193 பேரிடம், 'விமானம் மோதும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தீர்களா?' என்று கேட்டபோது 107 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். இல்லாத படத்தைப் பாதிக்கு மேற்பட்டோர் 'பார்த்திருக்கிறார்கள்'! அவர்கள் யாரும் பொய்யர்கள் அல்லர். கேட்டதையும் படித்ததையும் வைத்து அவர்களின் மனமே படம் தயாரித்துக் கொண்டது.

நம் நாட்டுத் துயரம்

இப்போது எம்.எச்.370க்கு வருவோம். 2014ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் தேதி அதிகாலை 12.41 மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் நோக்கிப் புறப்பட்டது. 227 பயணிகள், 12 பணியாளர்கள். தென் சீனக் கடலுக்கு மேல் தொடர்பு அறுந்தது. விமானம் திரும்பித் தீபகற்பத்தைக் கடந்து பினாங்கு அருகே சென்றதை இராணுவ ராடார் பதிவு காட்டியது. அந்த வழி நம் வட பேராக் வானத்தின் ஊடாகச் செல்கிறது. நாம் உறங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

சாட்சிகள் பல திசைகளிலிருந்தும் வந்தார்கள். திரங்கானு மாராங் பகுதிக் கிராமவாசிகள் சிலர் நள்ளிரவுக்குப் பின் பலத்த சத்தம் கேட்டதாகப் போலீசில் புகார் செய்தார்கள். வியட்நாம் கடலில் எண்ணெய்த் துரப்பண மேடையில் வேலை செய்த ஒருவர், உயரத்தில் ஏதோ எரிவதைக் கண்டதாக எழுதினார். மாலத்தீவின் குடா ஹுவாதூ தீவு மக்கள், காலை 6.15 மணியளவில் சிவப்புக் கோடு போட்ட வெள்ளை விமானம் மிகத் தாழ்வாகப் பறந்ததாகச் சொன்னார்கள். ஒரே விமானம் கிழக்கிலும் மேற்கிலும் எப்படி இருக்க முடியும்?

தேநீர்க் கடைப் பெரியவரின் கேள்விக்கு இங்கே பதில் சொல்கிறேன். மாலத்தீவில் காலை 6.15 என்றால் மலேசியாவில் 9.15. விமானத்திலிருந்து செயற்கைக்கோளுக்குக் கடைசிச் சமிக்ஞை வந்தது மலேசிய நேரம் காலை 8.19. எரிபொருள் தீரும் தறுவாயில் வந்த சமிக்ஞை அது என்று நிபுணர்கள் கணித்தார்கள். அதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அதே விமானம் பறந்திருக்க வழியில்லை. அந்தச் சமிக்ஞைகள் காட்டியது இந்தியப் பெருங்கடலின் தென் பகுதியை. 2015ஆம் ஆண்டு ஜூலையில் ரீயூனியன் தீவில் ஒதுங்கிய இறக்கைத் துண்டு எம்.எச்.370உடையது என்பது உறுதியானது.

தீவு மக்கள் ஏதோ ஒரு விமானத்தைப் பார்த்திருக்கலாம். ஆனால் அவர்களின் கூற்று செய்தியில் வந்தது மார்ச் 18ஆம் தேதி. பத்து நாளாக உலகமே ஒரு விமானத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்த விமானத்துக்கும் படத்தில் கண்ட விமானத்துக்கும் இடையிலான கோடு அழிந்துபோக அந்தப் பத்து நாள் போதும்.

துரப்பண மேடை ஊழியரை நான் மதிக்கிறேன். அவர் சொன்னதும் ராடார் பதிவோடு பொருந்தவில்லை. ஆனால் தான் நின்ற இடம், பார்த்த திசை, எத்தனை வினாடி பார்த்தார் என்பதை எல்லாம் எழுதிக் கொடுத்தார். அதனால்தான் அதைச் சோதிக்க முடிந்தது. சோதிக்க முடிந்த கூற்று தவறாகப் போனாலும் அது உதவிதான்.

நம் ஹுத்தான் மெலிந்தாங் மீனவர்களுக்கு இது நன்றாகப் புரியும். கருத்த இரவில் கடலில் தெரியும் ஒரு விளக்கு பக்கத்துப் படகினுடையதா, தொலைவில் போகும் கப்பலுடையதா என்று சட்டென்று சொல்ல முடியுமா? ஒப்பிட்டுப் பார்க்க மரமோ கட்டடமோ இல்லாதபோது தூரமும் அளவும் கண்ணுக்கு எட்டாது. இரவு வானமும் அப்படித்தான்.

சாட்சிகளைத் தள்ளிவிடவும் கூடாது

அப்படியென்றால் சாட்சிகளே வேண்டாமா என்று கேட்பீர்கள். அதுவும் ஆபத்து. 1912ஆம் ஆண்டில் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது, அது இரண்டாக உடைந்ததைக் கண்டதாக உயிர் தப்பியவர்களில் பலர் சொன்னார்கள். விசாரணையில் அது ஏற்கப்படவில்லை. கப்பல் முழுதாகவே மூழ்கியது என்று முடிவு கட்டினார்கள். 1985ஆம் ஆண்டில் கடலடியில் கப்பலைக் கண்டுபிடித்தபோது அது இரண்டு துண்டாகக் கிடந்தது! 73 ஆண்டுகள் அந்தச் சாட்சிகளின் சொல் மதிக்கப்படாமல் இருந்தது.

தோட்டத்து மக்களுக்கு விமான விபத்து ஒன்றும் தொலைதூரச் செய்தி அல்ல. 1977ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் தேதி சுபாங்கில் இறங்க வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் எல்மினா ரப்பர் தோட்டத்தில்தான் விழுந்தது. 79 பேரில் 34 பேர் மாண்டனர். அதே ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி, பினாங்கிலிருந்து புறப்பட்டுக் கடத்தப்பட்ட மலேசிய விமானம் ஜொகூர் தஞ்சோங் குப்பாங்கில் விழுந்து 100 பேரும் இறந்தனர். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் தேதி அதே எல்மினா வட்டாரத்தில் ஒரு சிறிய விமானம் சாலையில் விழுந்து 10 பேர் மாண்டனர். அந்த விபத்தின் கடைசி வினாடிகளை ஒரு காரில் இருந்த கேமரா பதிவு செய்திருந்தது. எல்லா இடத்திலும் கேமரா இருக்காது. செம்பனைக் காட்டிலும் ஆற்றோரத்திலும் கண்தான் கேமரா.

நாம் செய்ய வேண்டியது

விமான விபத்தானாலும் சாலை விபத்தானாலும் சாட்சியாக நிற்கும் நிலை நாளை நமக்கும் வரலாம். சில விஷயங்களை மனத்தில் கொள்ளுங்கள்.

முதலாவதாக, பார்த்ததை உடனே எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர் தம் பிள்ளையிடம் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யலாம். பிறரோடு பேசுவதற்கு முன்பே, செய்தியைப் பார்ப்பதற்கு முன்பே செய்யுங்கள்.

இரண்டாவதாக, எங்கே நின்றீர்கள், எந்தத் திசையில் பார்த்தீர்கள், மணி என்ன என்பதைச் சொல்லுங்கள். 'மிக உயரத்தில்' என்பதைவிட 'அந்தத் தென்னை மரத்தின் உச்சிக்கு மேல் ஒரு கை அளவு' என்பது மேல். வெவ்வேறு இடங்களில் நின்ற இருவர் திசையைச் சரியாகக் காட்டினால், அந்த இரு கோடுகளும் சந்திக்கும் இடத்தை விசாரணையாளர் கண்டுபிடித்துவிடுவார்.

மூன்றாவதாக, முதலில் பார்த்தீர்களா, முதலில் கேட்டீர்களா என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். கண்டது வேறு, ஊகித்தது வேறு. 'வெடிகுண்டு வெடித்தது' என்பது ஊகம். 'ஆரஞ்சு நிற ஒளி தெரிந்தது' என்பது கண்டது.

நான்காவதாக, தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தயங்காதீர்கள். அது அவமானம் அல்ல. இட்டு நிரப்பப்பட்ட ஒரு பதில் விசாரணையையே திசை திருப்பிவிடலாம்.

கடைசியாக, உங்களுக்கு மாறாகச் சொல்பவரைப் பொய்யர் என்று சொல்லாதீர்கள். அனைத்துலக விமான விபத்து விசாரணை விதிகளின்படி விசாரணையின் நோக்கம் யார்மீதும் பழி சுமத்துவது அல்ல. அடுத்த விபத்தைத் தடுப்பது. சாட்சிகளான நமக்கும் அந்த நோக்கமே இருக்கட்டும்.

எம்.எச்.370 மறைந்த காரணத்தை உறுதியாகக் கூற முடியவில்லை என்று 2018ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த அறிக்கை சொன்னது. அந்த 239 பேரின் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். 'தாழப் பறந்ததைப் பார்த்தோம்' என்று எங்கிருந்தோ வரும் ஒவ்வொரு சொல்லும் அவர்கள் வீட்டில் ஒரு விளக்கை ஏற்றுகிறது, பிறகு அணைக்கிறது. ஆகவே, ஒரு செய்தியைக் கேட்டவுடன் பகிர்வதற்கு முன், 'எப்போது பார்த்தார், எங்கிருந்து பார்த்தார்?' என்று கேட்கும் பொறுமையாவது நமக்கு வேண்டும்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். கண்ணை நம்பாதே என்பது அதன் பொருளல்ல. கண்ட பிறகும் விசாரி என்பதுதான்.

எங்கள் மாமாவும் பெரியப்பாவும் வயதான காலத்தில் ஒரு திருமண வீட்டில் பேசிக்கொண்டார்கள். "நீ சொன்னதும் சரிதான்டா" என்றார் பெரியப்பா. அதற்குள் எத்தனை தீபாவளி வீணாகப் போய்விட்டது!